அப்பீல் மட்டும் பாக்குற வக்கீல்: ரெண்டு கேஸ்ல காசு குடுத்துப் பாத்ததை வச்சு ஒரு ரிவ்யூ

ஹூஸ்டன் பக்கத்துல நானும் என் மனைவியோட தம்பியும் சேர்ந்து மளிகைக் கடை நடத்துறோம், சின்னக் கடைதான். போன அஞ்சாறு வருஷத்துல ரெண்டு தடவை கோர்ட் படி ஏற வேண்டியதாப் போச்சு. ரெண்டு தடவையும் ஒரே அப்பீல் வக்கீலம்மாகிட்ட வேலை குடுத்தோம், முதல் தடவை தோத்ததுக்கு அப்புறம், ரெண்டாவது தடவை ட்ரையல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் எனக்கு மனசுல அப்படியே நிக்குது. தெரிஞ்சவங்க நாலஞ்சு பேர் போன் பண்ணி "அண்ணே, அப்பீல் போனா ஜெயிச்சிடலாமா"ன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி முடியல, அதான் ஒரே மூச்சுல எழுதிடுறேன். அந்தம்மா பேரு, ஆபீஸ் பேரு எதுவும் போடல, இந்த சர்வீஸ்ல என்ன கிடைக்கும், எது கிடைக்காதுன்னு மட்டும் சொல்றேன். நான் வக்கீல் இல்ல, பில் கட்டுன ஆளு.

முதல் கேஸ். கடைக்கு ஒரு வாக்-இன் கூலர் போட்டோம், பால், காய்கறி, தோசை மாவு எல்லாம் வைக்க. போட்ட கான்ட்ராக்டர் கம்ப்ரஸர் கெபாசிட்டிய குறைச்சுப் போட்டுட்டாரு, கோடை வந்ததும் கூலர் குளிரவே இல்ல, சரக்கு வீணாச்சு, நாங்க கடைசித் தவணைய நிறுத்தினோம், அவர் கேஸ் போட்டாரு, நாங்களும் எதிர்க் கேஸ் போட்டோம். எங்ககிட்ட தங்கமான ஆதாரம் ஒண்ணு இருந்துச்சு, அவரோட டெக்னீஷியனே "இந்த யூனிட் இந்த ரூமுக்குப் பத்தாது"ன்னு என் மச்சானுக்கு அனுப்புன மெசேஜ். அந்த மெசேஜ ஜூரி கண்ணுல படாமலே கேஸ் முடிஞ்சு போச்சு. கான்ட்ராக்டருக்கு பாக்கி 61,400 டாலர், அது போக அவர் வக்கீல் ஃபீஸ் 88,000 டாலர் நாங்க குடுக்கணும்னு ஜட்ஜ்மெண்ட்.

"மாமா, விடக்கூடாது, மேல் கோர்ட்டுக்குப் போய் இந்த மெசேஜ காட்டுவோம்"னு மச்சான் துடிச்சான். எனக்கும் அதே எண்ணம்தான். மேல் கோர்ட்னா புது ஜட்ஜ் உக்காந்து முதல்ல இருந்து கேப்பாங்கன்னு நெனச்சோம். ஜட்ஜ்மெண்ட் வந்த 19வது நாள் அந்தம்மா ஆபீஸ்ல போய் உக்காந்தோம். அவங்க கேட்ட முதல் கேள்வி மெசேஜ்ல என்ன இருக்குன்னு இல்ல. "இதை உள்ள விடுங்கன்னு உங்க வக்கீல் ட்ரையல் நடக்கும்போது கேட்டாரா, ஜட்ஜ் முடியாதுன்னு சொன்னாரா, அது ரெக்கார்டுல இருக்கா"ன்னு கேட்டாங்க. எங்களுக்குப் பதில் தெரியல.

அப்பீல் கோர்ட்ல சாட்சி கிடையாது, ஜூரி கிடையாது, புது ஆதாரம் கிடையாது. மூணு ஜட்ஜ் உக்காந்து கீழ் கோர்ட்ல கோர்ட் ரிப்போர்ட்டர் அந்தக் குட்டி மெஷின்ல தட்டுனதையும், கிளார்க்கிட்ட ஃபைல் ஆனதையும் மட்டும்தான் படிப்பாங்க. டெக்சாஸ் அப்பீல் விதி 33.1 சொல்றது இதுதான்: நேரத்துக்கு அப்ஜெக்ஷன் பண்ணிருக்கணும், என்ன காரணம்னு தெளிவா சொல்லிருக்கணும், ஜட்ஜ்கிட்ட இருந்து ஒரு முடிவு வாங்கிருக்கணும். மூணுல ஒண்ணு இல்லன்னாலும், கீழ் கோர்ட் பண்ணது தப்பாவே இருந்தாலும் மேல கேக்கவே மாட்டாங்க. வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சொல்லுவாங்கல்ல, இங்க வாய் இருந்தா மட்டும் பத்தாது, பேசினது ரெக்கார்டுல ஏறிருக்கணும்.

இனி சர்வீஸுக்கு வர்றேன். முதல்ல நாங்க வாங்கினது கேஸ் அசெஸ்மெண்ட், ஃபிக்ஸட் ரேட் 4,500 டாலர். மொத்த ட்ரான்ஸ்கிரிப்டையும் (ரிப்போர்ட்டர் தட்டுன பதிவு) வரி விடாம படிச்சு, எந்தக் குறைய மேல கொண்டு போக முடியும், எது முடியாதுன்னு எழுதிக் குடுப்பாங்க. இந்த மொத்த ரிவ்யூல ஒரே ஒரு விஷயத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுக்கணும்னா இதுக்குத்தான் குடுப்பேன். 23 பக்கம் ரிப்போர்ட் வந்துச்சு. நாங்க ஆறு குறை சொல்லிருந்தோம், அதுல நாலு செத்துப் போச்சுன்னு நேரடியா எழுதிருந்தாங்க. காசு பாக்கணும்னு நெனச்சிருந்தா "எல்லாத்தையும் போட்டுப் பாப்போம்"னு சொல்லிட்டுப் போயிருக்கலாம், அப்படிப் பண்ணல.

எப்படி செத்துச்சுன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இதுலதான் நம்ம ஆளுங்க எல்லாரும் மாட்டுறாங்க.

அந்த மெசேஜ். ட்ரையலுக்கு முன்னாடி எதிர்த்தரப்பு மோஷன் இன் லிமினின்னு ஒண்ணு போட்டு அதைப் பத்தி ஜூரி முன்னாடி பேசக்கூடாதுன்னு ஆர்டர் வாங்கிட்டாங்க. எங்க பழைய வக்கீல் அதோட கதை முடிஞ்சதுன்னு விட்டுட்டாரு. ஆனா டெக்சாஸ்ல லிமினி ஆர்டர்னா "என்கிட்ட வந்து கேக்காம ஜூரி முன்னாடி எடுக்காத"ன்னு மட்டும்தான் அர்த்தம், அந்த ஆதாரம் செல்லுமா செல்லாதான்னு அது முடிவே இல்ல. சாட்சி கூண்டுல இருக்கும்போது ஜட்ஜ் மேசைக்குப் பக்கத்துல போய் "இப்ப இதைக் காட்ட விரும்புறேன்"னு கேட்டு, முடியாதுன்னு ஜட்ஜ் சொல்லி, அதுக்கப்புறம் ஜூரி இல்லாதப்போ அந்த மெசேஜ்ல என்ன இருக்குன்னு ரெக்கார்டுல சொல்லி வைக்கணும், அதுக்குப் பேரு ஆஃபர் ஆஃப் ப்ரூஃப். ஜூரிக்கு சார்ஜ் (அவங்க பதில் சொல்ல வேண்டிய கேள்வித் தாள்) படிக்கிறதுக்கு முன்னாடியே அதைச் செஞ்சு முடிச்சிடணும். எங்க வக்கீல் ஒரு தடவை கூட எந்திரிச்சுக் கேக்கல. அப்பீல் கோர்ட்ட பொறுத்தவரைக்கும் அப்படி ஒரு மெசேஜே உலகத்துல கிடையாது.

அடுத்தது எதிர்த்தரப்பு கொண்டு வந்த ஒரு செலவுக் கணக்குத் தாள். யாரோ சொல்லக் கேட்டு யாரோ எழுதுனது, அதை ஹியர்சேன்னு எதிர்த்திருக்கணும். எங்க வக்கீல் எந்திரிச்சு "ரெலவன்ஸ்"னு ஒரே வார்த்தை, அதாவது கேஸுக்கு சம்பந்தமில்லன்னு, சொல்லி உக்காந்துட்டாரு. கீழ ஒரு காரணம் சொல்லிட்டு மேல போய் வேற காரணம் சொன்னா ஒத்துக்க மாட்டாங்க. எதிர்த்தாரு, ஆனா தப்பான பேர சொல்லி எதிர்த்தாரு, அதனால அதுவும் போச்சு.

மூணாவது இருக்கே, அதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. எங்க எக்ஸ்பர்ட்டப் பத்தி ஜட்ஜ் பக்கத்துல போய் ரெண்டு வக்கீலும் ஒரு இருபது நிமிஷம் குசுகுசுன்னு பேசினாங்க, நான் பின்னாடி பெஞ்சுல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன், எங்க வக்கீல் கையெல்லாம் ஆட்டி நல்லாத்தான் பேசினாரு. ட்ரான்ஸ்கிரிப்ட்ல அந்த இடத்தைத் தேடிப் பாத்தா ஒரே ஒரு வரி இருக்கு, பெஞ்சுல பேசினது பதிவாகலன்னு அடைப்புக்குறிக்குள்ள. இருபது நிமிஷப் பேச்சு, அரை வரி. ரிப்போர்ட்டர் தட்டாம இருந்தா "இதையும் எடுத்துக்கங்க"ன்னு அந்த நேரத்துலயே கேக்கணுமாம், கேக்கல.

நாலாவது ஜூரி சார்ஜ், அதாவது ஜூரிக்கிட்ட என்னென்ன கேள்வி கேக்கறதுன்னு ஜட்ஜ் எழுதுற பேப்பர். முதல்ல ஒப்பந்தத்தை மீறுனது கான்ட்ராக்டர்தானேன்னு ஒரு கேள்வி எங்களுக்கு வேணும். வக்கீல் வாயால கேட்டாரு, எழுதிக் குடுக்கல. நம்ம பக்கத்துக்கு வேண்டிய கேள்வி சார்ஜ்ல விட்டுப் போச்சுன்னா அதைச் சரியான வார்த்தையில எழுதி ஜட்ஜ்கிட்ட நீட்டிருக்கணும்.

பொழச்ச ரெண்டு எதுன்னா, ஒண்ணு, ஜூரி முடிவுக்கு ஆதாரம் பத்தாதுங்கறது. நாங்க 19வது நாளே போனதால 30 நாளுக்குள்ள நியூ ட்ரையல் மோஷன் (ட்ரையல மறுபடி நடத்துங்கன்னு கீழ் கோர்ட்லயே கேக்கற மனு) போட்டு அதைக் காப்பாத்தினாங்க, அந்த மோஷன் போட்டதால அப்பீல் நோட்டீஸ் கெடுவும் 30 நாள்ல இருந்து 90 நாளாச்சு. இன்னொண்ணு, அந்த 88,000. வக்கீல் ஃபீஸ் எவ்வளவுங்கறத ஜூரிகிட்ட விடாம ஜட்ஜே பாக்கட்டும்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டிருந்தாங்க, ஜூரி இல்லாம ஜட்ஜ் முடிவு பண்ற சிவில் விஷயத்துல ஆதாரம் பத்தலங்கறத முதல் தடவையா அப்பீல்லயே சொல்லலாம். எதிர் வக்கீல் மொத்த மணி நேரத்தை மட்டும் போட்டு ஒரு அஃபிடவிட் குடுத்திருந்தாரு. என்ன வேலை, யாரு செஞ்சாங்க, ஏறக்குறைய எப்ப செஞ்சாங்க, அதுக்கு நியாயமா எவ்வளவு நேரம், மணிக்கு என்ன ரேட், இவ்வளவும் காட்டணும்னு டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் 2019ல ரோர்மூஸ் கேஸ்ல சொல்லிருக்கு. எங்க வக்கீலும் கவனிக்கல, எதிர் வக்கீலும் கவனிக்கல, இந்தம்மா கண்ணுல மாட்டுச்சு.

அப்புறம் அப்பீலையே அவங்ககிட்ட குடுத்தோம், 38,000 டாலர் ஃபிக்ஸட். ட்ரான்ஸ்கிரிப்ட், கிளார்க் ரெக்கார்டு, அப்பீல் கோர்ட் ஃபைலிங் ஃபீஸ் 205 டாலர் இதெல்லாம் தனி, எல்லாம் சேத்து அஞ்சாயிரத்த தொட்டுச்சு. இதை முதல்லயே இன்னும் அழுத்திச் சொல்லிருக்கலாம், கான்ட்ராக்ட்ல ஒரு வரியில இருந்துச்சு, நாங்க கவனிக்கல. ஆனா ஒரு இடத்துல பெரிய உதவி. அப்பீல் முடியற வரைக்கும் எதிராளி நம்ம அக்கவுண்ட்ல கை வைக்காம இருக்கணும்னா பாண்டு, இல்லன்னா ரொக்கம் கட்டணும், நாங்க ஒண்ணரை லட்சம் டாலர் கட்டணும்னு பயந்துட்டு இருந்தோம். வக்கீல் ஃபீஸ் அந்தக் கணக்குல சேராது, 2013லயே டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்குன்னு எடுத்துக் காட்டி, பாக்கித் தொகை, வட்டி, கோர்ட் செலவு மட்டும் கட்ட வச்சாங்க. அதுவே பதினாறு மாசம் முடங்கிக் கிடந்துச்சு, அந்தப் பொங்கலுக்குக் கடையில சரக்கு பாதிதான் எடுத்தோம், ஆனா 88,000-மும் சேந்து முடங்கிருந்தா கடையையே மூடிருப்போம்.

பிரீஃப், அதாவது அப்பீல் கோர்ட்டுக்கு எழுத்துல குடுக்கற வாதம், அதை எழுதுன விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 15,000 வார்த்தை வரைக்கும் எழுதலாமாம், இவங்க அதுல பாதி கூட எழுதல. ஒவ்வொரு வரிக்கும் ட்ரான்ஸ்கிரிப்ட்ல எந்த வால்யூம், எந்தப் பக்கம்னு நம்பர். எங்க பக்கத்துக்கு ஒத்து வராத விஷயத்தையும் அவங்களே முதல்ல எழுதிட்டாங்க. "இதை ஏம்மா நாமளே சொல்லணும்"னு கேட்டதுக்கு, ஜட்ஜ் எப்படியும் படிப்பாங்க, நம்ம வாயால படிக்கட்டும்னு சொன்னாங்க.

ஹூஸ்டன்ல ஃபர்ஸ்ட் கோர்ட், ஃபோர்ட்டீன்த் கோர்ட்னு ரெண்டு அப்பீல் கோர்ட் ஒரே கட்டடத்துல இருக்கு, ஃபேனின் ஸ்ட்ரீட்ல 1910ல கட்டுன பழைய கோர்ட் ஹவுஸ், உள்ள நின்னு அண்ணாந்து பாத்தா பெரிய டோம். எந்த கோர்ட்டுக்குக் கேஸ் போகும்னு நம்ம கையில இல்ல, ரேண்டமா ஒதுக்குவாங்க. நாங்க வாதம் நடக்கும்னு காத்துக்கிட்டு இருந்தோம், எங்க கேஸ்ல நேர்ல வாதமே வைக்கல, எழுத்த மட்டும் படிச்சே தீர்ப்பு எழுதிட்டாங்க. அதுவும் நிறைய நடக்குமாம்.

தீர்ப்பு: பாக்கி 61,400 அப்படியே நிக்குது, வக்கீல் ஃபீஸ் ரத்து, கீழ் கோர்ட் மறுபடி பாக்கணும். கீழ போனதும் எதிர்த்தரப்பு ஃபீஸ மட்டும் 42,000-க்கு இறங்கி வந்து முடிச்சுக்கிட்டாங்க. கணக்குப் போட்டா 46,000 மிச்சம், அதுக்கு நாங்க செலவழிச்சது 47,000-க்கு மேல. ஆமா, கைக்காசுதான் போச்சு. இப்படித்தான் ஆகும்னு ரிப்போர்ட்லயே எழுதிருந்தாங்க, மச்சான் கேக்கல, நானும் கேக்கல. டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாமான்னு கேட்டப்ப வேண்டாம், உங்க கேஸ்ல அவங்க எடுக்கற மாதிரி கேள்வி இல்லன்னு தடுத்துட்டாங்க. அதுக்கு இன்னொரு பெரிய பில் போட்டிருக்கலாம், போடல.

அந்த ஆபீஸ்ல உக்காந்திருந்தப்ப அவங்க சொன்ன ஒரு கேஸ் என் மனசுல தங்கிடுச்சு. ஒஹையோ ஜெயில்ல இருந்த போல்ஸ்னு ஒருத்தர், ஃபெடரல் கோர்ட்ல அவரோட அப்பீல் கெடு தாண்டிப் போச்சு, அதை மறுபடி திறந்து குடுத்தா விதிப்படி 14 நாள்தான். ஜட்ஜ் தப்பா 17 நாள் குடுத்துட்டாரு. இவர் ஜட்ஜ் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாடியே ஃபைல் பண்ணிட்டாரு, ஆனா 14 நாள் தாண்டிருச்சு. 2007ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 5க்கு 4னு அவர் அப்பீல் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. ஜட்ஜ் சொன்னத நம்பினதுக்கே இந்த நெலமை. அதைக் கேட்டதுல இருந்து கெடு தேதிய வக்கீல் சொன்னாலும் நானும் விதிய எடுத்து ஒரு தடவை எண்ணிப் பாக்குறேன். ஃபெடரல்ல கணக்கு வேற: சாதாரண சிவில் கேஸ்ல 30 நாள், அரசாங்கம் ஒரு பக்கம் இருந்தா 60, கிரிமினல்ல குற்றம் சாட்டப்பட்டவருக்கு 14 நாள்தான். ஜூரிகிட்ட போறதுக்கு முன்னாடி ஆதாரம் பத்தலன்னு மோஷன் போட்டாலும், தோத்த பிறகு 28 நாளுக்குள்ள மறுபடி போடலன்னா அந்தப் பாயிண்ட் போயிடும்னும் சொன்னாங்க, 2006ல யூனிதெர்ம்னு ஒரு கேஸ்ல அப்படித்தான் ஆச்சாம். டெக்சாஸ்ல ஒண்ணு, ஃபெடரல்ல ஒண்ணு, நியூ ஜெர்சில வேற ஒண்ணு (அங்க 45 நாள்). அதனால வேற ஸ்டேட்ல இருக்குற சொந்தக்காரர் சொன்னாருன்னு நாள எண்ணாதீங்க.

ரெண்டாவது கேஸ் கடை வாடகைத் தகராறு. காமன் ஏரியா சார்ஜ் (பொது இடத்தைப் பராமரிக்கிற செலவுல நம்ம பங்கு), கூரை ரிப்பேர்னு எல்லாம் சேத்து 1,40,000 டாலர் கேட்டு லேண்ட்லார்ட் கேஸ் போட்டாரு. இந்தத் தடவை ட்ரையலுக்குத் தனி வக்கீல், கூடவே இந்தம்மா. இதுக்குப் பேரு ட்ரையல் சப்போர்ட், மணிக்கு 475 டாலர், மூணு நாள் ட்ரையலும் அதுக்கு முன்னாடி தயாரிப்பும் சேத்து 21,000 ஆச்சு. சாட்சிய விசாரிக்க மாட்டாங்க, ஜூரிகிட்ட பேச மாட்டாங்க. லேப்டாப்ப வச்சுக்கிட்டு ட்ரையல் வக்கீலுக்குப் பின்னாடி உக்காந்திருப்பாங்க, அப்பப்ப மஞ்சக் காகிதத்துல ஒரு வரி எழுதி முன்னாடி நீட்டுவாங்க. முதல் நாள் பாத்தப்ப, இதுக்கா இவ்வளவு காசுன்னுதான் எனக்கே தோணுச்சு.

ரெண்டாவது நாள் புரிஞ்சது. பழைய ப்ராப்பர்ட்டி மேனேஜர் எங்க சாட்சி, ஏசிய லேண்ட்லார்டே மாத்தித் தர்றதா அவர் முன்னாடி வாயால சொன்னாருன்னு சொல்ல வந்தாரு. எதிர்த்தரப்பு எந்திரிச்சுது, ரெண்டு பேரும் ஜட்ஜ் பக்கத்துல போனாங்க, ரிப்போர்ட்டர் கைய எடுத்துட்டாங்க. உடனே மஞ்சக் காகிதம் போச்சு, எங்க வக்கீல் "ரெக்கார்டுல எடுக்கணும், யுவர் ஆனர்"னாரு, ரிப்போர்ட்டர் மெஷினோட கிட்ட வந்து உக்காந்தாங்க. கொஞ்ச நேரம் பேசிட்டு ஜட்ஜ் "சரி, மேல போகலாம்"னாரு. இன்னொரு காகிதம். "எனக்கு ஒரு ரூலிங் வேணும்." ஜட்ஜ் நிமிர்ந்து பாத்தாரு, "அனுமதி இல்ல"ன்னு சொன்னாரு. எனக்கு மனசு உடைஞ்சு போச்சு, திரும்பிப் பாத்தா அந்தம்மா முகத்துல நிம்மதி. மத்தியானம் ஜூரி சாப்பிடப் போனதும் அந்த மேனேஜர மறுபடி உக்கார வச்சு கேள்வி பதிலா பதினோரு நிமிஷம், அவர் என்ன சொல்லிருப்பாரோ அத்தனையும் ரெக்கார்டுல ஏத்துனாங்க. எங்க எல்லாருக்கும் அன்னிக்கு சாப்பாடு கார்லதான்.

அன்னிக்கு சாயங்காலம் சார்ஜ் பேச்சு. எங்களுக்கு வேண்டிய ரெண்டு கேள்வியையும் தனித்தனித் தாள்ல டைப் பண்ணி ரெடியா வச்சிருந்தாங்க. ஜட்ஜ் ஒண்ண சேத்துக்கிட்டாரு, இன்னொண்ணு மேல "ரெஃப்யூஸ்ட்"னு பேனாவால எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. அந்தத் தாள வாங்கி ஃபைல்ல சேக்கச் சொல்லி, ஒரு காப்பிய எங்க கைல குடுத்து "பத்திரமா வைங்க"ன்னாங்க.

ஜூரி லேண்ட்லார்டுக்கு 38,000 குடுத்துச்சு. ஜட்ஜ்மெண்ட் கையெழுத்தாகி ரெண்டு வாரத்துல அவங்க வக்கீல் தானே போன் பண்ணாரு. மேனேஜர் பேச்சும் அந்தத் தாளும் ரெக்கார்டுல உயிரோட இருக்குன்னு அவருக்குத் தெரியும், அப்பீல்னா ஒண்ணரை வருஷம், மறுபடி ட்ரையல் வந்தாலும் வரும். 15,000-க்கு முடிஞ்சது.

குறைன்னு சொல்லணும்னா இருக்கு. சனி ஞாயிறு போன் எடுக்க மாட்டாங்க, ஈமெயில்தான். ரிப்போர்ட் படிக்க கஷ்டம், என் பொண்ணு பக்கத்துல உக்காந்து ரெண்டு ராத்திரி விளக்குனா, கூடவே ஒரு பக்கத்துல எளிய சுருக்கம் குடுத்திருக்கலாம். ட்ரையல் வக்கீலுக்கும் இவங்களுக்கும் முதல் வாரம் ஒத்துப் போகல, யாரு எதைப் பேசறதுன்னு முன்னாடியே எழுதி வச்சுக்கச் சொல்லுங்க. 20,000 டாலர் வழக்குக்கெல்லாம் ஒரு ஆள மூணு நாள் பின்னாடி உக்கார வைக்கறது கட்டுப்படியாகாது, அப்படிப்பட்ட கேஸ்ல சார்ஜ் எழுதற அன்னிக்கு மட்டும் ஒரு நாலு மணி நேரம் வாங்கினாலே பெரிய பலன்.

ஆள் தேடறவங்களுக்கு: டெக்சாஸ்ல சிவில் அப்பீலுக்குன்னு தனி போர்டு சர்டிஃபிகேஷன் (ஸ்பெஷலிஸ்ட்னு குடுக்கற சான்றிதழ்) இருக்கு, அது இருக்கான்னு பாருங்க. டெக்சாஸ் அப்பீல் கோர்ட் வெப்சைட்ல கேஸ் தேடி அவங்க எழுதுன பிரீஃப காசில்லாமயே படிக்கலாம், ரெண்டு பக்கம் படிச்சாலே எழுத்துல தெளிவு இருக்கா இல்லையான்னு நமக்கே தெரிஞ்சிடும். தோத்துட்டீங்கன்னா ஜட்ஜ்மெண்ட் கையெழுத்தான தேதிய கைல வச்சுக்கிட்டு மறுநாளே போன் பண்ணுங்க, 19 நாள் காத்திருக்காதீங்க. முதல் சர்வீஸ், அசெஸ்மெண்ட், 5/5. அப்பீல் 4/5, பணத்தோட கணக்கு எங்களுக்கு நிக்கலன்னாலும் வேலையில குறை இல்ல. ட்ரையல் சப்போர்ட் 5/5.

ரெஃப்யூஸ்ட்னு எழுதுன அந்தத் தாளோட காப்பி இன்னும் கடை ஆபீஸ் டிராயர்லதான் இருக்கு. புதுசா லீஸ் கையெழுத்துப் போடுற தெரிஞ்சவங்க யாரு வந்தாலும் மச்சான் அதை எடுத்துக் காட்டிட்டுத்தான் டீ ஊத்துறான்.